வலசைப் பறவைகளும் கரையோர மக்களின் வருவாயும்

(உரையின் எழுத்து வடிவம்)

ராஜஸ்தான் மாநிலத்தின் பரத்பூர் நகரை அடுத்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் நடுவே, பூங்காவுக்குப் பெயர் தந்த சிவன் கோயிலின் அருகில், சில கற்பலகைகள் நிற்கின்றன. அங்கு நடந்த வாத்து வேட்டைகளின் தேதியும், விருந்தினரின் பெயரும், சுடப்பட்ட பறவைகளின் எண்ணிக்கையும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வருகையை ஒட்டி 1938 நவம்பர் 12 அன்று நடைபெற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன என்பது வரலாறு. அதுவும் ஒரு குழுப் பயணமே. அதற்கும் வழிகாட்டிகள் இருந்தனர். வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும் இதே பருவத்தில்தான் அதுவும் நடைபெற்றது.

இன்று அதே நீர்ப்பரப்பின் கரையில், அதே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், துப்பாக்கிக்குப் பதிலாக இருகண் தொலைநோக்கி ஏந்திய குழுக்கள் விடியற்காலையில் நடந்து செல்கின்றன. பறவையைக் கொல்வதற்குக் கூடிய கூட்டம் பறவையைக் காண்பதற்குக் கூடும் கூட்டமாக மாறியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பொருளாதார நோக்கில் வேறொரு கேள்வியும் எழுகிறது. இந்தப் பறவைகள் இறங்கும் ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் சுற்றி வாழும் மக்களுக்கு இந்த மாற்றத்தால் கிடைத்தது என்ன? வலை விரிப்பதையும், மாடு மேய்ப்பதையும், புல் அறுப்பதையும் விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். அந்த இழப்புக்கு ஈடாக அவர்கள் கைக்கு என்ன வந்து சேர்ந்தது? வழிகாட்டியுடன் செல்லும் பறவை காணும் உலா வெறும் பொழுதுபோக்கா, அல்லது கிராம வளர்ச்சிக்கான ஒரு கருவியா என்பதை இந்தக் கேள்விக்கான விடையே தீர்மானிக்கும்.

வலசையின் காலமும் வழியும்

பருவந்தோறும் இடம்பெயர்ந்து, மீண்டும் பிறப்பிடத்துக்கே திரும்பும் பறவைகளின் வழக்கத்தை வலசை என்கிறோம். சைபீரியா, மங்கோலியா, திபெத், மத்திய ஆசியா ஆகிய பகுதிகளில் கோடையில் குஞ்சு பொரித்த பறவைகள், அங்கு நீர் உறைந்து உணவு அருகும் முன்னரே தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து தெற்கே இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தழுவிச் செல்லும் மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தில் நமது நாடு முக்கியமான இடத்தைப் பெற்றுள்ளது. இவ்வழியே வரும் நீர்ப்பறவைகளுள் பெரும் பங்கினவற்றுக்கு இந்தியாவே குளிர்கால இருப்பிடம்.

இவ்வருகை ஒரே நாளில் நிகழ்வதன்று. உள்ளான் இனத்தைச் சேர்ந்த கரைப்பறவைகள் ஆவணி மாதத்திலேயே வரத் தொடங்குகின்றன. பொதுவாக அவற்றுள் முதிர்ந்த பறவைகள் முன்னும், அவ்வாண்டில் பிறந்த இளம் பறவைகள் பின்னும் வந்து சேர்கின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து முதலியவை புரட்டாசி, ஐப்பசியில் திரளுகின்றன. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்து அவற்றைத் தொடர்ந்து வருகிறது. எனவே பருவத்தின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் ஏரியின் காட்சி வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டேயிருக்கும்.

வழிகாட்டியின் தேவை இப்பருவத்தில் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வசந்தகாலத்தில் பளிச்சென்ற வண்ணம் பூண்டு நிற்கும் ஆண் வாத்து, வலசை வந்து இறங்கும்போது அந்த இறகுகளை உதிர்த்து, பெண் வாத்தைப் போன்றே மங்கிய பழுப்பு நிறத்தில் காணப்படுகிறது. இளம் பறவைகளின் நிறமும் தாய் தந்தையரின் நிறத்திலிருந்து வேறுபடுகிறது. நூலில் உள்ள வண்ணப்படத்தை மட்டும் நம்பி வந்தவர் இங்குத் திகைத்து நிற்க நேரிடும். பறக்கும் விதம், கழுத்தின் நீளம், சிறகில் தோன்றி மறையும் பட்டை, குரல் ஆகியவற்றைக் கொண்டு இனத்தைப் பிரித்தறிவது நீண்ட பழக்கத்தால் மட்டுமே கைவரும் அறிவு. அந்த அறிவு பல இடங்களில் கரையோரக் கிராமத்தாரிடமே இருக்கிறது. நேற்று வரை வேட்டைக்குப் பயன்பட்ட அறிவு என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அதுவே அவர்கள் கையில் உள்ள மூலதனம்.

உலா நடைபெறும் முறை

நன்கு நடத்தப்படும் உலாவில் எட்டு அல்லது பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. புலர்வதற்குச் சற்று முன்பே குழு கூடுகிறது. வழிகாட்டி முன்னே செல்கிறார். ஏனையோர் வரிசையாகப் பின்தொடர்கின்றனர். சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நிற்கும் இடத்தை அவர் தேர்ந்தெடுக்கிறார். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்ட இருகண் தொலைநோக்கி பொதுவாகப் போதுமானது. தொலைவில் உள்ள திரளைக் காண முக்காலியில் பொருத்திய பெரிய தொலைநோக்கி ஒன்று குழுவுக்குப் பொதுவாக இருக்கும். உலா முடிந்ததும் அனைவரும் அமர்ந்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் பட்டியலிடுகின்றனர்.

எளிமையாகத் தோன்றும் இந்த முறையின் ஒவ்வொரு விதிக்கும் பொருள் உண்டு. நெடும்பயணத்தில் உடற்கொழுப்பைச் செலவழித்து வந்து இறங்கிய பறவைக்கு முதல் சில வாரங்கள் இளைப்பாறி இரை தேடும் காலம். ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் அது சேமித்த ஆற்றலை இழக்கிறது. ஆகவே எவ்வளவு அருகில் செல்லலாம், எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பவர் வழிகாட்டியாக இருக்க வேண்டுமேயன்றி, கட்டணம் செலுத்தியவராக இருத்தல் கூடாது. புகைப்படத்துக்காக இன்னும் பத்தடி முன்னே போகச் சொல்லும் விருந்தினரிடம் ‘போகக்கூடாது’ என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். அந்தத் துணிவு வருவாயின் உறுதியைப் பொறுத்தது. அன்றைய அன்பளிப்பை மட்டுமே நம்பி நிற்பவரால் அவ்வாறு சொல்ல இயலாது.

பரத்பூர் கற்பிக்கும் பாடம்

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ், 1981 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1982 இல் தேசியப் பூங்காவாயிற்று. 1985 இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இயற்கையில் தானாக அமைந்த ஏரியன்று இது. மன்னராட்சிக் காலத்தில் கரைகளும் மதகுகளும் அமைத்து, பருவமழை நீரைத் திருப்பிவிட்டு உருவாக்கப்பட்டது.

தேசியப் பூங்கா ஆனதும் கால்நடை மேய்ச்சல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. சுற்றுப்புறக் கிராமத்தாரின் எருமைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தீவனம் தந்த நிலம் அது. மாற்று ஏற்பாடு இன்றி வந்த தடை 1982 நவம்பரில் மோதலாக வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காப்பதற்கென்று வகுத்த விதியால் மனித உயிர்கள் பலியான துயரம் அந்தப் பூங்காவின் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அதன் பின் நிகழ்ந்தது மேலும் சிந்திக்கத்தக்கது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் 1990 வரை அங்கு நடத்திய நீண்ட ஆய்வு, மேய்ச்சல் நின்றதும் ஒருவகை நீர்ப்புல் தங்குதடையின்றிப் படர்ந்து திறந்த நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது என்றும், இதனால் பல நீர்ப்பறவைகளுக்கு இடம் குறுகியது என்றும் எடுத்துக்காட்டியது. எருமைகள் அந்தப் புல்லைக் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. மக்களை முற்றிலும் வெளியே நிறுத்துவது பறவைக்கும் நன்மை பயக்கவில்லை என்பதே இதன் பொருள்.

மறுபுறம், பரத்பூரிலேயே ஒரு நல்ல முன்மாதிரியும் உருவாயிற்று. பூங்காவின் உட்பகுதியில் மோட்டார் வாகனங்களுக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. பார்வையாளர் நடந்தோ, சைக்கிளிலோ, சைக்கிள் ரிக்ஷாவிலோதான் செல்ல வேண்டியிருந்தது. நகரத்து ரிக்ஷாத் தொழிலாளர்கள் பறவைகளை இனங்காணப் பயிற்சி பெற்று, அனுமதி பெற்ற வழிகாட்டிகளாகவும் விளங்கினர். முறையான கல்வி குறைந்த ஒரு தொழிலாளி, நூற்றுக்கணக்கான பறவைகளின் பெயர்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லி, வெளிநாட்டு அறிஞருக்கே இடம் காட்டும் காட்சி அங்கு வழக்கமாயிற்று. மிதிக்கும் உழைப்புக்கு மட்டுமின்றி அறிவுக்கும் கூலி கிடைத்தது. இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய முதலீடு எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே மோட்டார் வண்டி வேண்டாம் என்ற ஒரு விதியே வேலைவாய்ப்பைத் தோற்றுவித்தது.

மங்களஜோடி: வேட்டைக்காரர் வழிகாட்டியான கதை

ஒடிசாவின் சிலிக்கா, பருவத்துக்கேற்ப ஏறத்தாழ 900 முதல் 1,165 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து சுருங்கும் உவர்நீர் ஏரி. வண்டல் படிந்து கடல்வாய் தூர்ந்துபோனதால் ஏரி நலிவுற்றபோது, 2000 செப்டம்பரில் கடலுடன் புதிய வாய் வெட்டப்பட்டது. மீன்வளம் பெருகியது, 2002 இல் ராம்சார் உடன்படிக்கையின் நலிவுற்ற ஈரநிலங்கள் பட்டியலிலிருந்து சிலிக்கா நீக்கப்பட்டது. நீரியல் சீரமைப்பின் வெற்றி இது. சமூகச் சீரமைப்பின் வெற்றி ஒன்றும் ஏறக்குறைய அதே காலத்தில் ஏரியின் வடகரையில் தொடங்கியது.

வடகரையில் குர்தா மாவட்டத்தில் உள்ள மங்களஜோடி, ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர் பெற்ற கிராமமாக இருந்தது. துப்பாக்கி, வலை, நஞ்சு கலந்த இரை ஆகிய மூன்றும் பயன்படுத்தப்பட்டன. பறவை இறைச்சிக்குச் சந்தை இருந்தது; கோரைப் புல்லிடையே முட்டைகளும் சேகரிக்கப்பட்டன. 1990களின் இறுதியில் அங்குக் கூடிய பறவைகளின் எண்ணிக்கை சில ஆயிரங்களாகக் குறைந்துவிட்டிருந்தது. அந்நிலையில் வனவிலங்கு ஆர்வலர்களின் தூண்டுதலால், வேட்டையாடியவர்களையே உறுப்பினர்களாகக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் மகாவீர் பறவைப் பாதுகாப்புச் சமிதி அமைக்கப்பட்டது. வேட்டையைக் கைவிட்டவர்கள் இரவும் பகலும் சதுப்பு நிலத்தைக் காவல் காத்தனர். பின்னர் அவர்களே படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் ஆயினர். பார்வையாளர் தங்கவும் உண்ணவும் கிராமத்தாரின் நிர்வாகத்திலேயே எளிய ஏற்பாடுகள் உருவாயின.

மங்களஜோடியில் உலா என்பது படகு உலா. கழியூன்றித் தள்ளும் நாட்டுப்படகு, கோரைப் புற்களுக்கிடையேயான குறுகிய கால்வாய்களில் ஓசையின்றிச் செல்கிறது. இயந்திரப் படகு இல்லாததால் பறவைகள் அஞ்சுவதில்லை. கருவால் மூக்கன்களும் ஊசிவால் வாத்துகளும் சில அடித் தொலைவிலேயே இரை தேடுவதைக் காணலாம். எந்தப் பறவை எந்தத் திட்டில் எந்த வேளையில் இறங்கும் என்பதைப் படகோட்டி அறிவார். முன்பு அதே அறிவைக் கொண்டுதான் அவர் வலை விரித்தார். சில ஆயிரங்களாக இருந்த பறவைகள் பின்னர் லட்சங்களாகப் பெருகின. சிலிக்கா முழுவதிலும் 2024 ஜனவரியில் எடுக்கப்பட்ட கணக்கில் 11 லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் எண்ணப்பட்டன.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேட்டை சட்டத்துக்குப் புறம்பானது என்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னரும் பல ஆண்டுகள் அக்கிராமத்தில் எதையும் மாற்றிவிடவில்லை. உயிருள்ள பறவை அடுத்த ஆண்டும் வருவாய் தரும் என்ற நம்பிக்கை பிறந்த பின்னரே சட்டத்தின் நோக்கம் நிறைவேறியது. சட்டம் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. சட்டமும் வருவாயும் ஒரே திசையில் இழுக்கும்போதுதான் வண்டி நகரும் என்பதே இதன் பொருள்.

பாங்தி: ஒரே மாதத்தின் விருந்தாளி

மங்களஜோடியின் பருவம் ஐந்து மாதம் நீடிக்கிறது. நாகாலாந்தின் வோகா மாவட்டத்திலுள்ள பாங்தி கிராமத்துக்கோ ஏறத்தாழ ஒரு மாதமே கிடைக்கிறது. அங்குள்ள டோயாங் நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காடுகளில், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை அமூர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து தங்குகின்றன. ஏறத்தாழ 150 கிராம் எடையே உள்ள இச்சிறு வல்லூறு, தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனாவிலும் குஞ்சு பொரித்து, தென்னாப்பிரிக்கா வரை சென்று திரும்புகிறது. வழியில் அரபிக் கடலை இடைவிடாது பறந்து கடக்க வேண்டியிருப்பதால், நாகாலாந்தில் ஈசல்களை உண்டு உடலைத் தேற்றிக்கொள்கிறது.

2012 அக்டோபரில் இங்கு நடந்த படுகொலை உலகின் கவனத்தை ஈர்த்தது. நீர்த்தேக்கத்தின் ஓரமாகக் கட்டப்பட்ட வலைகளில் நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை வல்லூறுகள் பிடிபட்டதாகவும், அப்பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டதாகவும் அங்குச் சென்று பார்த்த பாதுகாப்பாளர்கள் மதிப்பிட்டனர். பேராசையின் விளைவு என்று இதை ஒதுக்கிவிடுதல் முறையன்று. நீர்த்தேக்கத்தில் விளைநிலம் மூழ்கியபின் மீன்பிடிப்பை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அங்கு இருந்தன. வானிலிருந்து வந்து இறங்கும் பறவை அவர்களுக்கு அறுவடைக்கு ஒப்பாக இருந்தது.

ஓராண்டுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. நாகாலாந்தில் நிலம் கிராமத்துக்கும் குலங்களுக்கும் உரியது. அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவு அவ்வுரிமைக்கும் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. எனவே அங்கு வெளியிலிருந்து வரும் ஆணையைவிடக் கிராம சபையின் தீர்மானத்துக்கே வலிமை அதிகம். பத்திரிகையாளர் பானோ ஹரலு உள்ளிட்ட பாதுகாப்பாளர்கள், வனத்துறையினர், தேவாலயப் பெரியோர், ஆசிரியர் ஆகியோரின் முயற்சியால் கிராம சபைகள் வல்லூறு பிடிப்பதைத் தடை செய்தன. 2013 பருவத்தில் அங்கு வலை கட்டப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு, நாகா, வோகா, பாங்தி என்று பெயரிடப்பட்டது. தங்கள் கிராமத்தின் பெயரைத் தாங்கிய பறவை கடல் கடந்து ஆப்பிரிக்காவை அடைந்ததைப் பாங்திச் சிறுவர்கள் அறிந்தபோது ஏற்பட்ட பெருமிதம் எந்தப் பிரசாரத்தாலும் ஏற்பட்டிருக்க முடியாது.

அதன் பின் ஆண்டுதோறும் பறவை காணும் குழுக்கள் பாங்திக்கு வருகின்றன. கிராமத்து இளைஞர்கள் வழிகாட்டுகின்றனர். இல்லங்களில் விருந்தினர் தங்குகின்றனர். பெண்கள் சமைத்துப் பரிமாறி வருவாய் பெறுகின்றனர். மாலையில் கதிரவன் சாயும் வேளையில் வானமே மறையும்படி வல்லூறுகள் சுழன்று இறங்கும் காட்சியைக் காண அவர்கள் வருகின்றனர். ஆனால் வல்லூறு புறப்பட்டதும் விருந்தினரும் புறப்பட்டுவிடுகின்றனர். எஞ்சிய பதினொரு மாதங்கள் கிராமத்தாருடையவை.

வருவாயின் கணக்கு

உலாவின் வருவாயை மிகைப்படுத்திக் கூறுதல் எளிது. கணக்கிட்டுப் பார்ப்பதே நேர்மை. எடுத்துக்காட்டாக, எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் 300 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். மொத்தம் 2,400 ரூபாய். வழிகாட்டிக்கு 800, படகோட்டிக்கு 800, படகுக்கும் தொலைநோக்கிக்குமான பராமரிப்புக்கு 400, கிராமப் பொது நிதிக்கு 400 எனப் பிரித்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஓர் உலா வீதம் 30 நாள் நடந்தால் வழிகாட்டுதலுக்கான கூலி 24,000 ரூபாய் ஆகிறது. ஒருவரே அதைப் பெற்றாலும் ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தால் மாதம் 2,000 ரூபாய்தான். வேட்டையை விட்ட இருபது குடும்பங்கள் முறைவைத்து வழிகாட்டினால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் கிடைக்கும். அதே நாட்களில் பொது நிதியில் 12,000 ரூபாய் சேர்ந்திருக்கும்.

இந்தச் சிறிய கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, குறுகிய பருவம் கொண்ட இடங்களில் உலா துணை வருவாயாகலாமேயன்றி முதன்மை வருவாயாகாது. மீன்பிடிப்பு, வேளாண்மை, கைத்தொழில் ஆகியவற்றுக்கான உதவி அதனுடன் இணைந்து வர வேண்டும். இரண்டாவது, இழப்பு ஊர் முழுவதற்கும் உரியது; கூலியோ முன்னே நடக்கும் ஓரிருவருக்கே சேர்கிறது. தொலைநோக்கியைக் கையில் பெறாதவரும் வலையைச் சுருட்டி வைத்தவரே. அவருடைய பங்கு பொது நிதியின் வழியாகத்தான் அவரைச் சென்றடைய முடியும். அந்நிதி பள்ளிக்கும் பாதைக்கும் மருந்துக்கும் செலவாவதை ஊர் கண்ணால் காண வேண்டும். மூன்றாவது, வருவாயைப் பெருக்குவதற்காக எட்டுப் பேரை எண்பது பேராக்கினால் பறவை இடம் மாறிவிடும், முதலே அழிந்துபோகும்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. தொலைநகரிலிருந்து வழிகாட்டியையும் உணவையும் வாகனத்தையும் தன்னுடனேயே கொண்டு வந்து, பறவையைக் கண்டுவிட்டுத் திரும்பும் குழுவினால் கரையோரக் கிராமத்துக்குக் கிடைப்பது புழுதி ஒன்றே. ஏரியின் பயனைக் காசாக்குபவர் ஒருவர், அதற்காகத் தொழிலைத் துறந்தவர் மற்றொருவர் என்ற நிலை நீடித்தால், வலை மீண்டும் விரிக்கப்படுவதை எவரும் தடுக்க இயலாது.

செய்ய வேண்டியவை

முதற்கண், பறவைகள் கூடும் ஈரநிலங்களில் நுழையும் ஒவ்வொரு குழுவுடனும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும் என்ற விதி பயன் தரும். நிபுணர் ஒருவர் குழுவுடன் வந்திருந்தாலும் இவ்விதி தளர்த்தப்படலாகாது. நூலறிவும் நில அறிவும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். ராம்சார் பட்டியலில் இந்திய ஈரநிலங்களின் எண்ணிக்கை 2024 ஆகஸ்டில் 85 ஐ எட்டியது. அவற்றுள் மிக அதிகமானவை தமிழ்நாட்டில் உள்ளன. பட்டியலில் இடம்பெறுவதோடு நில்லாமல், ஒவ்வொரு கரையிலும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உருவாக வேண்டும்.

இரண்டாவதாக, பயிற்சி என்பது பறவைகளின் பெயர்களைக் கற்பிப்பதோடு முடிந்துவிடக் கூடாது. குழுவைக் கட்டுப்படுத்துதல், முதலுதவி, கணக்கு எழுதுதல், ஆங்கிலமோ இந்தியோ ஓரளவு பேசுதல் ஆகியவையும் அதில் அடங்க வேண்டும். தொலைநோக்கியின் விலை ஓர் ஏழை இளைஞரின் பல மாத வருவாய்க்குச் சமம். அதைப் பொதுச் சொத்தாக வாங்கித் தருவது, சிறிய முதலீட்டில் நிலையான பயன் தரும் செலவாகும்.

மூன்றாவதாக, உலாவின் முடிவில் எழுதப்படும் பட்டியல் வீணாகக் கூடாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டு வருகிறது. 2023 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர் பதிவு செய்த மூன்று கோடி குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகள் குறைந்து வருவதை அது சுட்டிக்காட்டியது. வாரந்தோறும் ஒரே கரையில் நடக்கும் உள்ளூர் வழிகாட்டியின் குறிப்பு இத்தகைய ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. அதற்குச் சிறு ஊதியம் வழங்கினால், பார்வையாளர் வராத மாதங்களிலும் அவருக்கு வேலை இருக்கும்.

நான்காவதாக, நீர். பஞ்சனா அணையின் நீர்ப் பங்கீடு தகராறுக்குள்ளான பின்னர், 2000களின் இடைப்பகுதியில் பரத்பூர் கடும் வறட்சியைக் கண்டது. நீர் இல்லையேல் பறவை இல்லை; பறவை இல்லையேல் ரிக்ஷாத் தொழிலாளிக்குச் சவாரி இல்லை. பாசனத்துக்கும் குடிநீருக்கும் முன்னுரிமை தருவது நியாயமே. ஆயினும் ஈரநிலத்துக்குரிய பங்கும் ஒரு குடியானவனின் பிழைப்போடு தொடர்புடையது என்பதைத் திட்டமிடுவோர் மறந்துவிடலாகாது.

கேவலாதேவில் குளிர்காலத்தைக் கழித்த சைபீரியக் கொக்குகள் 2002 க்குப் பின் அங்குத் திரும்பவில்லை. எல்லைகளைக் கடந்து வரும் பறவையின் வாழ்வு ஒரு நாட்டின் கையில் மட்டும் இல்லை. 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நடைபெற்ற, வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கை நாடுகளின் மாநாடு வலியுறுத்திய ஒத்துழைப்பு அதனால்தான் தேவைப்படுகிறது. ஆனால் வழித்தடத்தின் ஒவ்வொரு கண்ணியும் இறுதியில் ஏதோ ஒரு கிராமத்தின் கரைதான். அங்கு, பனி விலகாத விடியலில், ஒருவர் கையை உயர்த்திக் குழுவை நிறுத்துகிறார், திசையைச் சுட்டுகிறார். அவர் வீட்டு அடுப்பு அன்று எரியுமானால் அந்தப் பறவை அடுத்த ஆண்டும் அங்கு அச்சமின்றி இறங்கும்.